நிற்க மறுத்த இன்ஜின்

நாங்கள் நெல் அறுக்கும் மிஷின் வைத்திருக்கிறோம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஊர். சங்கிலிச் சக்கரம் போட்ட மிஷின் அது, வயலில் புதையாமல் போகும். ஆனால் தார் ரோட்டில் ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போக முடியாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். லாரியும் எங்களுடையதுதான், பழைய வண்டி. என் கணவர் ஓட்டுவார். வயல்காரர்களோடு போனில் பேசி நாள் குறிப்பது, வழியில் சமைப்பது, அவர் களைத்துப்போனால் மிஷினில் ஏறி அறுப்பது, இதெல்லாம் நான். என் அம்மா முதுகு வளைய அரிவாள் பிடித்த வயல்களில் நான் உட்கார்ந்தபடி அறுக்கிறேன். மிஷின் மேல் இருக்கும்போது எனக்கு ஒரு பயமும் கிடையாது. லாரிதான் பயம். அதுவும் அதன் இன்ஜினை மாற்றியமைத்த பிறகு வந்த பயம்.

நம்மூர் அறுவடை ஓய்ந்ததும் கர்நாடகாவுக்குப் போவோம். மிஷினையும் சுமந்துகொண்டு மலைப்பாதையில் ஏறும்போது வண்டி மாடு மாதிரி மூச்சு வாங்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை பாதி மலையில் நின்றே போய்விட்டது. அந்த ஆத்திரத்தில்தான் அவர் தஞ்சாவூர்ப் பட்டறையில் வண்டியை விட்டார். மெக்கானிக் டீசல் பம்பைத் திருகி அதிக டீசல் போகும்படி வைத்தார். இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற பழைய சின்ன டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரிய டர்போ ஒன்றை மாட்டினார். கேபினுக்குப் பின்னால் இருந்த பழைய காற்று ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, நல்ல அகலமான குழாயாக வைத்தார். வண்டியை எடுத்த அன்று, லாரி என்று நம்பவே முடியாதபடி பறந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மெக்கானிக் சாவியைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார்.

"முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப இன்ஜின் சூடு ஜாஸ்தி. டர்போவுக்குள்ள சுத்துற தண்டு ஆயில்லதான் மிதக்குது. ஓடி வந்த சூட்டோட டக்குனு ஆஃப் பண்ணிடாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும், அப்புறம் நிறுத்துங்க."

"சரி. இன்னொண்ணு?"

"ஆயில் பிரஷர் முள்ள ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இருங்க. ஆயில அடைச்சு வச்சிருக்கிற டர்போ சீல் போயி ஆயில் காத்துக் குழாய்ல எறங்கிடுச்சுன்னு வைங்க, இன்ஜின் அந்த ஆயிலையே எரிச்சுக்கிட்டு தானா ஓட ஆரம்பிச்சுரும். சாவிய நிறுத்தினாலும் நிக்காது. காத்த அடைச்சாத்தான் நிக்கும். நான் ஒரு தடவ பாத்திருக்கேன். இன்ஜினே வெடிச்சுருச்சு."

என் கணவர் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். எனக்கு ஏறக் கால் வரவில்லை. சாவியை நிறுத்தினாலும் நிற்காத ஒரு பொருளின் மேல் இனி உட்கார்ந்து போகவேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் நின்றது.

வெயில் காலம் என்று முதலில் கெட்டியான ஆயிலையே ஊற்றியிருந்தார்கள். இருபது-ஐம்பது என்று சொல்வார்கள். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது கொதிக்கும்போது எவ்வளவு கனம் மிஞ்சும் என்பதற்கு. எண் கூடினால் கெட்டி. எனக்கு அது அடுப்படியிலேயே புரிந்த சங்கதி. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. அதே எண்ணெய் வாணலியில் காய்ந்தால் தண்ணீராகச் சுழலும். இன்ஜினுக்குள் இருக்கிற இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் நிற்பது அந்த ஆயில் ஏடு ஒன்றுதான். ரொம்பக் கெட்டியாக இருந்தால் போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு நேரத்தில் போகாது. ரொம்ப இளகினால் போய்ச்சேரும், ஆனால் தாங்காது.

கெட்டி ஆயிலோடு மார்கழியில் மைசூருக்கு அப்பால் ஒரு வயல்வெளியில் கிடந்தோம். அங்கே விடியற்காலைக் குளிர் எலும்பில் இறங்கும். அவர் சாவியைத் திருகினார். இன்ஜின் முக்கி முனகிப் பிடித்தது. பிடித்ததும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இன்ஜினின் மேல்பக்கத்தில் ஒரு சத்தம். நான் முள்ளைப் பார்த்தேன். எழவில்லை.

"என்னங்க, பிரஷரே வரலைங்க!"

"வரும், வரும். குளிருக்கு ஆயில் இறுகிக் கெடக்கு."

அவர் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது, சத்தம் அடங்கியது. அவர் ஒன்றும் நடக்காதது போலக் கீழே இறங்கிப் பல் விளக்கப் போனார். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் நாள் முழுக்கக் காதில் இருந்தது.

ஊர் திரும்பியதும் பட்டறையில் ஆயிலை மாற்றினார்கள். இந்த முறை பதினைந்து-நாற்பது, கொஞ்சம் இளகியது. தை, மாசி அறுவடை முழுவதும் வண்டி ஒழுங்காக ஓடியது. அந்த ஆயிலோடே கோடையும் வந்தது.

வைகாசி முதல் வாரம். கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை. நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் போர்த் தண்ணீரில் கோடை நெல் போட்டிருந்த ஒருவர் காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தார். ஒரு வேலி நெல், ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது.

"யக்கா, மேக்க இருட்டிக்கிட்டு நிக்குது. மழை வந்தா எல்லாம் போச்சுக்கா. எப்படியாச்சும் மத்தியானத்துக்குள்ள வந்துருங்க."

மிஷினை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். என் கணவர் அவசரத்தில் அழுத்தி ஓட்டினார். தார் ரோடு கானலில் தண்ணீராக மினுங்கியது. கேபினுக்குள் காலை வைக்க முடியாத சூடு. செருப்பைக் கழற்றினால் தரைத் தகடு சுட்டது. நான் வழக்கம்போல முட்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தண்ணீர்ச் சூடு காட்டும் முள் நடுவில், அதன் இடத்தில்தான் நின்றது. ஆனால் ஆயில் பிரஷர் முள் எப்போதும் நிற்கிற இடத்துக்குக் கீழே இருந்தது.

"முள்ளு எறங்கியிருக்குங்க."

"சூட்டுக்கு எறங்கத்தான் செய்யும். தண்ணி முள்ளு நார்மலாத்தான இருக்கு?"

தண்ணீரின் சூடு வேறு, ஆயிலின் சூடு வேறு என்பது அப்போது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. ரேடியேட்டர் தண்ணீரைத்தான் குளிர்விக்கும். டர்போவின் தணலுக்குள் போய்த் திரும்புகிற ஆயில் எவ்வளவு கொதிக்கிறது என்று காட்ட எங்கள் வண்டியில் முள்ளே கிடையாது. நான் பயந்துகொண்டு பார்த்தது எல்லாம் சரிதான், ஆனால் பார்க்கவேண்டியதில் பாதி கண்ணுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அடைத்தால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் போய்ச் சேரவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள், ஒரு டவுன் பஸ். பின்னால் வரிசை சேர்ந்துகொண்டே போனது.

ஓடிவந்த சூட்டில் நிறுத்தக்கூடாது என்று அவர் இன்ஜினை ஓடவிட்டார். ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. ஜங்ஷனில் ரயில் இன்ஜினைக் கழற்றி மாட்டுகிறார்களாம், பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் சொன்னார். காற்றே இல்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு வண்டி தன் சூட்டைத் தானே குடித்தது. பிரஷர் முள் இறங்கி, இறங்கி, அடியில் உள்ள கோட்டைத் தொட்டது. முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு எச்சரிக்கை விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது.

"இப்ப நிறுத்திருங்க. போதும், ஆறியிருக்கும்."

"கேட்டு இப்பத் தொறந்துரும். பேட்டரி வேற வீக்கா இருக்கு. திரும்ப எடுக்கலைன்னா பின்னால நிக்கிறவன் எல்லாம் நம்மள உரிச்சுருவான்."

அவர் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தார். முள் கொஞ்சம் எழுந்தது. காலை எடுத்தால் மறுபடி விழுந்தது. மிதிப்பதும் விடுவதுமாக இருந்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. துடைக்கவில்லை. நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கேட் திறந்தது.

இந்தப் பக்கத்து வண்டிகளும் அந்தப் பக்கத்து வண்டிகளும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தின் மேல் ஏறின. பைக்குகள் இரு பக்கமும் பாதையை நிரப்பிக்கொண்டு வந்தன. முன்னால் போன பஸ் எப்படியோ நுழைந்து போய்விட்டது. எங்கள் வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறியபோது எதிரே ஷேர் ஆட்டோவும், வைக்கோல் ஏற்றிய டிராக்டரும், எண்ண முடியாத பைக்குகளும். அவர் பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து நிறுத்தினார்.

இன்ஜின் சத்தம் குறையவில்லை. ஏறியது.

"ஆக்சிலேட்டர விடுங்க!"

"விட்டுட்டேன்டி!"

அவருடைய வலது கால் பிரேக்கில் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஆக்சிலேட்டர் மேலே எழும்பித்தான் நின்றது. சத்தம் இன்னும் ஏறியது. மிஷின் ஏற்றிய லாரியின் இன்ஜின் அந்தக் குரலில் கத்தி நான் கேட்டதில்லை. உலோகம் வீறிடுகிற சத்தம். கேபின் முழுவதும் நடுங்கியது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் ரோடே இல்லை. வெள்ளையும் நீலமுமாகப் புகை, பின்னால் நின்ற வண்டிகளை மொத்தமாக விழுங்கியிருந்தது.

அவர் சாவியைத் திருகினார். அப்படியே ஓடியது. இன்ஜினை நிறுத்தும் வயரை வெளியே வரும்வரை இழுத்தார். அப்படியே ஓடியது.

எதிரே நின்றவர்கள் அவர் வேண்டுமென்றே உறுமிக்காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். "யோவ், ஏன்யா இந்த ஏத்து ஏத்துற? பறந்தா போவ?" என்று ஒருவர் பைக்கிலிருந்து கையை ஓங்கினார். நான் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினேன்.

"வண்டி நிக்கலைங்க! வழி விடுங்க! வெடிச்சுரும்! வழி விடுங்க!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் புகை அவர்கள் பக்கமும் சுருண்டு வந்ததும் புரிந்துகொண்டார்கள். ஷேர் ஆட்டோவிலிருந்து ஜனங்கள் குதித்தார்கள். பைக்குகள் சிதறின. டிராக்டர்காரர் பின்னால் எடுக்க முடியாமல் ஓரத்துச் சரிவில் இறக்கினார்.

கியரில் போட்டு இன்ஜினை முக்கவைத்து அணைக்கலாம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தண்டவாளத்தின் மேல் அணைத்துவிட்டால் வண்டியை யார் நகர்த்துவது? அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பார்வை போதும். நானும் பார்த்தேன். வெயிலில் தண்டவாளம் வெறுமனே மின்னிக்கொண்டு நீண்டு கிடந்தது. வெறுமையாக இருந்த ஒன்றைப் பார்த்து அவ்வளவு நான் பயந்ததில்லை.

அவர் கிளட்சைக் கொஞ்சம்தான் விட்டார். வண்டி எகிறிப் பாய்ந்தது. பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டே, பாயவிட்டும் இழுத்தும் கேட்டைக் கடந்தார். கடந்ததும் இடது ஓரத்தில், வாய்க்கால் கரைப் பக்கம், ஒடித்து நிறுத்தி, மேல் கியரில் போட்டு, பிரேக்கின் மேல் எழுந்து நின்று கிளட்சை விட்டார். வண்டி முழுவதும் உதறியது. ஒரு கணம் சத்தம் அமுங்கியது. அப்புறம் கிளட்ச் தீய்ந்த நாற்றம் வந்தது. சத்தம் மறுபடி மேலே ஏறியது.

"எறங்கி ஓடு!" என்றார்.

இறங்கினேன். ஓடத்தான் நினைத்தேன். வாய்க்கால் பக்கம் நாலு எட்டு வைத்தும் விட்டேன். அவர் இன்னும் உள்ளே, பிரேக்கின் மேல் நிற்கிறார், அவர் காலை எடுத்தால் கியரில் கிடக்கிற வண்டி ஜனங்கள் மேல் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். அந்த ஒரு வார்த்தை எங்கிருந்தோ வந்தது.

கேபினுக்குப் பின்னால் எங்கள் சமையல் பெட்டி தொங்கும். திறந்தேன். துணி? உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். தட்டு? நெளிந்துவிடும். சப்பாத்தி தேய்க்கிற மரப்பலகை கையில் தட்டுப்பட்டது. வட்டமானது, தடித்தது. அதை எடுத்துக்கொண்டு டீசல் டாங்கின் மேல் ஏறினேன். காற்றுக் குழாயின் வாய் என் முகத்துக்கு நேரே இருந்தது. அது காற்றை உறிஞ்சுகிற வேகத்தில் என் தலைமுடி அதன் பக்கம் இழுபட்டது. என் கையையே இழுத்துக்கொள்ளும் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு பலகையை வைத்து அழுத்தினேன்.

பலகை என் கையிலிருந்து பிடுங்கப்பட்ட மாதிரி குழாயில் போய் ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் கொஞ்சம் இடுக்கு இருந்தது, அதில் ஊய் என்று விசில் சத்தம். இரண்டு உள்ளங்கைகளாலும் அந்த இடுக்கை அடைத்து நெஞ்சையும் கொடுத்து அழுத்தினேன். இன்ஜின் தடுமாறியது. ஒருமுறை இருமியது. ஒரு பெரிய உதறலோடு நின்றது.

அந்த அமைதியில் முதலில் காதில் விழுந்தது எங்கோ ஒரு போர் செட்டில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். டாங்கின் மேலிருந்து சறுக்கி மண்ணில் உட்கார்ந்தேன். என் கணவர் இறங்கி வந்தார். அவருடைய வலது கால் தொடையிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது, கையால் பிடித்தும் நிற்கவில்லை. என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. சர்பத் கடை அம்மா ஒருவர் குடத்தோடு வந்து தண்ணீரை ஊற்றினார். கேட்டில் கை ஓங்கினவர் வந்து நின்று, "தெரியாம பேசிட்டேங்க" என்றார்.

போன் அடித்தது. வயல்காரர். நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மொபெட்டில் வந்து சேர்ந்தார். "ஆளுக்கு ஒண்ணும் இல்லையேக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அவர் கண் தானாகவே மேற்கே போனது. அங்கே வானம் கன்றிப்போன நிறத்தில் இருந்தது.

"இங்கேருந்து வயலு எவ்ளோ தூரம்?" என்று கேட்டேன்.

"இந்த வாய்க்கா கரையோடயே போனா பக்கந்தான்க்கா. மண் பாதைதான்."

என் கணவர் வண்டியை விட்டு வரமுடியாது, பட்டறைக்கு ஆள் சொல்லி இழுத்துப் போகவேண்டும். அவர் காலும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மிஷினை இறக்க லாரியின் பின்னால் இரும்புப் பலகைகளைச் சாய்த்து வைத்தோம். மிஷினில் நான் ஏறினேன். ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருகக் கை போகவில்லை. எத்தனையோ தடவை கிளப்பிய மிஷின், பயமே இல்லை என்று நான் சொல்லித் திரிந்த மிஷின்.

"இதுவும் அப்படி ஓடுமாங்க?"

"ஓடாது. இதுல நாம கையே வைக்கலையே. அப்படியே இருக்கு. திருகு." அவர் மேலே ஏறி என் பக்கத்தில் படியில் நின்றுகொண்டார். "நான் நிக்கிறேன். திருகு."

திருகினேன். சாதாரணச் சத்தம். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. துணி சுற்றிய கையோடு வாய்க்கால் கரையில் ஓட்டிக்கொண்டு போனேன். வயல்காரர் மொபெட்டில் முன்னால் போனார். இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும், ஒரு மேட்டில் ஏறினாலும், பாதத்திலிருந்து உச்சிவரை குளிர்ந்தது. அறுத்த நேரம் முழுக்க அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் முதல் தூறல் விழும்போது ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் நின்றது. அது நனைந்துவிட்டது. மீதி களத்தில் தார்ப்பாய்க்கு அடியில்.

லாரியைத் தஞ்சாவூர்ப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். மறுநாள் நாங்கள் போனபோது மெக்கானிக் இன்ஜினைத் திறந்து வைத்திருந்தார். டர்போவின் தண்டைக் கையால் ஆட்டிக் காட்டினார், பல் ஆடுகிற மாதிரி ஆடியது. இறக்கிய ஆயிலில் விரலை முக்கித் தேய்த்தார்.

"மோந்து பாருங்க."

டீசல் நாற்றம்.

"பம்ப ஏத்தி வச்சதுல எரியாத டீசல் ஆயில்ல எறங்கியிருக்கு. ஏற்கெனவே எளகின ஆயிலு, மேல இந்தச் சூடு, அதுல டீசலும் கலந்தா தண்ணிதான். தண்டு எதுல மிதக்கும்? அது ஆடுனதுல சீலும் போச்சு" என்றவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "நானும் இவ்ளோ ஏத்தியிருக்கக் கூடாது" என்றார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. நான் கேட்டில் நடந்ததைச் சொல்லச் சொல்ல, கையைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் டர்போவைப் புதிதாக மாட்டி ஓட்டிவிடலாமா என்று இழுத்தார். நான் ஒரே வார்த்தையில் சொன்னேன். "பம்ப்பு பழையபடி எறங்கணும். இல்லைன்னா நான் ஏற மாட்டேன்."

அவர் வாதாடவில்லை. பம்பைப் பழைய அளவுக்கு இறக்கினார்கள். பழைய சின்ன டர்போவே திரும்பி வந்தது. ஆயிலைக் குளிரவைக்க முன்னால் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர், ஆயில் சூட்டைக் காட்ட ஒரு முள். கோடைக்கு ஒரு ஆயில், மார்கழியில் மலைக்குப் போகும்போது வேறு ஆயில் என்று பிரித்துக்கொண்டோம். முன்னைவிடச் சீக்கிரமே மாற்றுகிறோம்.

பட்டறையிலிருந்து திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அவரிடம் கேட்டேன்.

"அன்னைக்கு உங்களுக்குப் பயமே இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மைசூர்க் குளிர்லேருந்தே எனக்குப் பயம்தான். நீயும் பயந்து நானும் பயந்தா வண்டிய யாரு ஓட்டுறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை மாதமும் அந்தச் சின்ன கேபினுக்குள் நான் மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். பஸ் ஒரத்தநாடு வரும்வரை அவரோடு பேசவில்லை.

என் பயம் போகவில்லை. மிக்ஸி வேகம் பிடிக்கும்போதுகூடக் கை சுவிட்சின் மேலேயே இருக்கிறது. தெருவில் யாராவது பைக்கை நின்ற இடத்தில் உறுமவிட்டால் வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிறேன். ஆனாலும் போன முறை கர்நாடகாவுக்குப் போனோம். மலை ஏறும்போது வண்டி பழையபடியே மூச்சு வாங்கியது. எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள், சிலர் திட்டிக்கொண்டே போனார்கள். பாதி மலையில் ஆயில் சூடு ஏறிக்கொண்டே போவதை நான் சொல்வதற்கு முன்னால் அவரே பார்த்தார். ஓரமாக ஒதுக்கி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு நிறுத்தினார். இன்ஜின் உடனே நின்றது. இறங்கி, வண்டிக்குச் சற்றுத் தள்ளிப் பாறை மேல் இருவரும் உட்கார்ந்தோம். ஃபிளாஸ்க்கில் இருந்த டீயை அவர் ஊற்றிக் கொடுத்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார். "நல்லா ஆறட்டும்."